நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் என்ன எழுதலாம்?

விளாத்திகுளம் வட்டாரத்துக்குக் கல்லூரி நூலகம் என்பதே புதிது. பல தலைமுறைகளாக இங்கிருந்து மேற்படிப்புக்குப் போனவர்கள் பஸ் ஏறித்தான் போனார்கள். தூத்துக்குடியில் 1948இல் தொடங்கிய தூய மரியன்னை கல்லூரி இருந்தது. 1951இல் ஏ.பி.சி. வீரபாகு நிறுவிய வ.உ.சி. கல்லூரியும் 1966இல் காமராஜ் கல்லூரியும் வந்தன. மேற்கே போகிறவர்களுக்குக் கோவில்பட்டியில், அதே 1966இல் தொடங்கிய கோ. வெங்கடசுவாமி நாயுடு கல்லூரி. எட்டயபுரத்தில் பாரதி நூற்றாண்டு நினைவாகப் பெண்கள் பாலிடெக்னிக் ஒன்று வந்தது. நாகலாபுரத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரி வந்ததோ அண்மையில்தான். தூத்துக்குடிக்கோ கோவில்பட்டிக்கோ போகாமலே பட்டம் வாங்கலாம் என்ற நிலை இந்தக் கரிசல் காட்டுக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

இப்படிப் புதிதாக முளைக்கும் கல்லூரிகளின் நூலகம் பெரும்பாலும் ஒரே அறை. சில ரேக்குகள், நாளிதழ் மேசை, இரண்டு மூன்று கம்ப்யூட்டர், வாசலில் வருகைப் பதிவேடு. இந்த அளவில் உள்ள நூலகம் தன் வாசகருக்குச் சொல்ல என்ன செய்தி இருக்கும், தர என்ன சேவை இருக்கும் என்பது சாதாரணக் கேள்வியாகத் தெரியலாம். என் கணிப்பில், சின்ன நூலகங்களின் இன்றைய வறுமை புத்தக வறுமை என்பதைவிடச் செய்தி வறுமை. பொருள் வந்து குவிந்துவிட்டது. அது வந்திருப்பதை உரியவர் காதில் போட ஆள் இல்லை.

பலகையில் இப்போது என்ன இருக்கிறது? புத்தகத்தைப் பதினான்கு நாளில் திருப்ப வேண்டும், பையை வெளியே வைக்க வேண்டும், செல்போன் பேசக் கூடாது, நோ டியூஸ் வாங்காதவருக்கு ஹால் டிக்கெட் கிடையாது. எல்லாம் விதிகள்; செய்தி ஒன்றுகூட இல்லை. சேவைகளின் பட்டியல் வேறொரு இடத்தில், கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும்போது எடுத்து வைக்கும் கோப்பில் இருக்கும். உசாத்துணைச் சேவை, புதுவரவுப் பட்டியல், நாளிதழ் நறுக்குகள், பழைய வினாத்தாள் தொகுப்பு, நகல் வசதி, இணைய வசதி என்று அழகாகத் தட்டச்சாகியிருக்கும். அந்தக் கல்லூரியில் மூன்றாண்டு படித்து முடித்த மாணவியிடம் இதில் எத்தனை தெரியும் என்று கேட்டால் வினாத்தாளை மட்டும் சொல்வாள். குழுவுக்குத் தெரிந்த சேவை வாசகருக்குத் தெரியவில்லை.

இதைப் பற்றி ஒழுங்காக யோசித்தவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலக வேலை கற்க லண்டன் போய்த் திரும்பியதும், நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். விடுமுறை நாளிலும் திறந்தார். வாசகர்களை ரேக்குக்குப் பக்கத்திலேயே விட்டார். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளை நூலகவியல் படிக்கிறவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அதில் மூன்றாவதை, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் கிடைக்க வேண்டும் என்பதை, மேலோட்டமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். வாசகர் நூலைத் தேடி வருவதை இரண்டாம் விதி பார்த்துக்கொள்கிறது. மூன்றாம் விதியில் நூல் வாசகரைத் தேடிப் போகிறது. திறந்த அடுக்கும் நல்ல பட்டியலும் விளம்பரமும் அதற்குத் தேவை என்றார் அவர். விளம்பரம் நூலகருக்கு அழகில்லை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ரங்கநாதன் அப்படி நினைக்கவில்லை.

அதே 1931இன் அக்டோபரில் மன்னார்குடியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் ஒன்றை ஓடவிட்டார். சுற்றுவட்டக் கிராமங்களுக்கு வண்டி போகும். அதற்கென்று தனி அறிவிப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது. வண்டி தெருவுக்குள் நுழைவதே அறிவிப்புதான்.

இன்று வண்டி கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் வருகிறது. வந்து நிற்பது கண்ணுக்குத் தெரிவதில்லை, சிக்கல் அதுதான். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக 2010இல் என்-லிஸ்ட் திட்டத்தைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான ஆய்விதழ்கள், லட்சத்துக்கு மேற்பட்ட மின்னூல்கள். பல ஆண்டுகளாகக் கல்லூரிக்கு ஆண்டுச் சந்தா, வரி சேர்த்து 5,900 ரூபாய். பாடநூல் பத்துப் பன்னிரண்டு வாங்கினால் தீர்ந்துபோகும் தொகை. பிறகு 2024 நவம்பர் 25இல் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’வுக்கு ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், முப்பது பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள். 2025 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறை. மாநில அரசுகள் நடத்தும் கல்லூரிகளும் இதன் வரம்புக்குள் வருகின்றன. காகிதத்தில் பார்த்தால் ஐஐடி மாணவருக்கும் ஒரு கிராமத்து அரசுக் கல்லூரி மாணவருக்கும் ஒரே வாசல். அதே தாலுகாவில் சுயநிதிக் கல்லூரியில் படிப்பவருக்கு அந்த வாசல் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுயநிதிக் கல்லூரிக்குப் போகிறவர்கள் வசதியானவர்கள் என்ற பழைய எண்ணத்தில் போட்ட கோடு போலத் தெரிகிறது இது. கரிசலில் அந்த எண்ணம் செல்லாது.

என்-லிஸ்ட் எப்படி மாணவர் கைக்குப் போகிறது என்று பார்த்தால் செய்தி எங்கே அறுந்துபோகிறது என்பது புரியும். நூலகர் மாணவர்களின் பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் திரட்டி ஏற்ற வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அவரவர் மின்னஞ்சலுக்குப் போகும். இங்கே படிக்கும் பிள்ளைகள் மின்னஞ்சல் முகவரி வைத்திருப்பது போனில் செயலிகளை இறக்குவதற்காக. அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் கிடையாது, பாதிப் பேருக்குக் கடவுச்சொல்லும் மறந்திருக்கும். முகவரியையே அட்மிஷன் சமயத்தில் பிரௌசிங் சென்டர்காரர் உருவாக்கிக் கொடுத்திருப்பார். எனவே நாட்டின் பெரிய மின்னூலகத்துக்கான திறவுகோல், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பெட்டியில் விழுந்து கிடக்கிறது. முதலாண்டு வகுப்புக்கு நேரே போய், ஒவ்வொருவர் போனிலும் ஒரு தடவை உள்ளே நுழைந்து காட்டுவதற்கு ஒரு வகுப்பு நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம்தான் சேவை. சந்தா கட்டியது அதற்கான முன்வேலை.

நுழைந்த பிறகு அங்கே என்ன இருக்கிறது என்பது அடுத்த தொல்லை. இயற்பியல் முதுகலை மாணவருக்கும் ஆய்வாளருக்கும் அது பொற்கிடங்கு. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து பி.காம். சேர்ந்தவருக்கு ஆங்கில ஆய்விதழ் முதல் நாளே உதவாது. பி.ஏ. தமிழ் படிப்பவருக்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. அவருக்கு வேண்டியவை வேறு இடங்களில் இருக்கின்றன, அவையும் காசில்லாமல். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் உண்டு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உண்டு, ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் வளர்ந்துவரும் நூலகம் நிறுவனம் உண்டு. எட்டயபுரத்தில் பிறந்தவரின் படைப்புரிமையை 1949இல் சென்னை அரசு வாங்கிப் பின்னர் பொதுவாக்கியதால், பதிப்புரிமைக் காலம் முடியும் முன்பே பாரதியை யாரும் பதிப்பிக்க முடிந்தது; இன்று இறக்கியும் படிக்கலாம். ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா. மீன்வளம், சங்கு, முத்துச் சிப்பி பற்றியென்றால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் திறந்த ஆவணக் களஞ்சியம். இவற்றில் எதற்கும் கல்லூரி சந்தா கட்ட வேண்டியதில்லை. தெரியப்படுத்தினால் போதும்.

தெரியப்படுத்துவதிலும் ஒரு கைத்திறன் வேண்டும். ‘புதுவரவுகள்’ என்று தலைப்பிட்டு நாற்பது நூல்களின் பெயரைப் பதிவெண்ணோடு ஒட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ‘பி.காம். இரண்டாம் ஆண்டு: அடக்கவிலைக் கணக்கியல் தமிழில் மூன்று படிகள் வந்திருக்கின்றன, கணக்குகள் படிப்படியாகப் போட்டுக் காட்டியிருக்கிறது, இன்று மதியத்திலிருந்து எடுக்கலாம்’ என்று எழுதினால் மறுநாளுக்குள் மூன்றும் வெளியே போய்விடும். முதலாவது கணக்குக் காட்டுதல். இரண்டாவதில்தான் ஓர் ஆள் இன்னோர் ஆளிடம் பேசுகிறார். ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958இல் ஒரு முறையை முன்வைத்தார்: ஒவ்வொருவரின் ஆர்வத்தையும் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டு, புதிதாக வருவதில் அவரவர்க்கு உரியதை மட்டும் பிரித்து அனுப்புவது. பெரிய ஆய்வுக்கூடங்களுக்காக நினைத்த ஏற்பாடு. நானூறு ஐந்நூறு பேர் படிக்கும் கல்லூரியில் இதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். யார் எந்தத் துறை, யார் எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறார், யாருக்குக் கவிதை பிடிக்கும் என்பதெல்லாம் நல்ல நூலகருக்கு முகம் பார்த்தாலே தெரியும். சிறிய நூலகத்துக்கு வாய்த்த பலம் இது. பெரிய நூலகங்கள் பல லட்சம் செலவழித்தாலும் இதைப் பெறுவது கடினம்.

வாட்ஸ்அப் குழு வந்த பிறகு பலகையே தேவையில்லை என்பாரும் உண்டு. குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே நூலகச் செய்தி மூழ்கிவிடும். நூலகர் பெண்ணாக இருந்தால் அவருடைய சொந்த எண் ஐந்நூறு பேரிடம் போவதும் சரியில்லை. ஒருவழியாக மட்டும் செய்தி போகும் ஏற்பாடு வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாம். ஒரு வேண்டுகோள்: புத்தகம் திருப்பாதவர்களின் பெயர்ப் பட்டியலைப் பொதுக் குழுவில் போடும் வழக்கத்தை நிறுத்திவிடலாம். அப்படிப் பெயர் வந்த மாணவர் அபராதத்தைக் கட்டிவிடுவார். திரும்ப நூலகப் பக்கம் வர மாட்டார்.

பட்டியலிடும் மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக உருவாகி 2000இல் ஓடத் தொடங்கிய கோஹா இன்று உலகமெங்கும் இலவசம். இன்ஃப்ளிப்நெட்டின் சோல் மென்பொருளும் இருக்கிறது. இரண்டிலும் தமிழ் எழுத்தில் பதியலாம், தேடலாம். ஆனாலும் பல கல்லூரிகளில் தமிழ் நூல்களின் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் ஏற்றுகிறார்கள். பாரதி ஒரு பதிவில் ஒரு விதமாகவும், அடுத்த பதிவில் எச் விட்டும், மூன்றாவதில் பி-க்குப் பதில் வேறொன்றாகவும் இருப்பார். மாணவர் தன் போன் விசைப்பலகையில் தமிழில் தட்டித் தேடினால் ‘முடிவு ஏதுமில்லை’ என்று வரும். நூல் மூன்றடி தள்ளி ரேக்கில் இருக்கும். பாதி இருப்பு தமிழாக உள்ள நூலகம் தன் இருப்பில் பாதியைத் தானே மறைத்து வைத்திருக்கிறது. சில ஆயிரம் நூல்கள் உள்ள இடத்தில் ஒரு கோடை விடுமுறைக்குள் இதைத் திருத்திவிட முடியும்.

கல்லூரி நூலகத்துக்கு வருகிறவர்கள் டி.என்.பி.எஸ்.சி. புத்தகம் மட்டுமே கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளும் பேராசிரியர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். எனக்கு அந்தச் சலிப்பில் உடன்பாடில்லை. மானாவாரி நிலத்தை நம்பிய வீட்டில் ஒரு குரூப் 4 வேலை என்பது மழையைச் சாராத முதல் வருமானம். அரசுத் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயமான பிறகு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் பாடநூல்களுக்குப் புது மதிப்பு வந்திருக்கிறது. அவற்றில் ஐந்து தொகுதிகள் வாங்கி வைப்பது ஆயிரம் பக்க கைடு வாங்குவதைவிட மேல். இதிலும் நூல் பாதி, செய்தி பாதி. அறிவிப்பு எப்போது வந்தது, கடைசித் தேதி என்ன, நிரந்தரப் பதிவு எப்படிச் செய்வது, கட்டணச் சலுகை யாருக்கு? பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ளும் இவற்றை நூலகம் ஓர் ஏ4 தாளில் ஒட்டலாம். அந்தத் தாளைப் பார்க்க வந்தவர் பக்கத்து ரேக்கையும் பார்ப்பார். சிலராவது.

நேரத்தைப் பற்றி. விளாத்திகுளம் சுற்றுவட்டாரத்தில் கல்லூரி நேரத்தைத் தீர்மானிப்பது பஸ். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த வண்டியை விட்டால் அடுத்தது எப்போது என்பது மாணவிகளுக்குத் தெரியும், நூலக நேரத்தை வகுத்தவருக்குத் தெரியாது. வகுப்பு முடிந்ததும் பஸ் ஸ்டாப்புக்கு ஓட வேண்டும். வகுப்பு நடக்கும்போது நூலகத்துக்கு விட மாட்டார்கள். மதிய இடைவேளையில் நூலகத்துக்கும் இடைவேளை. ஊழியர் முறைவைத்துச் சாப்பிட்டு அந்த நேரத்தில் திறந்துவைத்தால் வருகை கூடும். இன்னொன்று, மாசி பங்குனியில் மிளகாய்ப் பறிப்பு. வத்தல் காயும் களத்தில் ஆள் குறைந்தால் பிள்ளைகள் கல்லூரிக்கு வராமல் நிற்பார்கள். எடுத்த புத்தகம் வீட்டில் இருக்கும், பதினான்கு நாள் தாண்டும், அபராதம் ஏறும். அந்த இரண்டு மாதத்துக்கு அபராதத்தை நிறுத்திவைக்கிறோம் என்று பலகையில் எழுதினால், இந்த நூலகம் இந்த ஊரில்தான் இருக்கிறது என்பது எல்லாருக்கும் விளங்கும்.

ஊர் என்றதும் என் மனசில் உள்ள பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 13,000 ஆய்விதழ்களையும் டெல்லியிலிருந்தே தந்துவிடுவார்கள். விளாத்திகுளத்தைப் பற்றி எழுதப்பட்டதைத் திரட்டி வைக்க டெல்லியால் முடியாது. இது இந்தச் சின்ன நூலகத்துக்கு மட்டுமே விதிக்கப்பட்ட வேலை, இதுவரை யாரும் முறையாகத் தொடாத வேலையும்கூட.

என்னென்ன சேரும்? இந்தத் தாலுகாவுக்குள்ளேயே வேம்பாரும் வைப்பாறும் இருக்கின்றன, முத்துக்குளித்துறையின் பழைய கடற்கரை ஊர்கள். அந்தத் துறையின் மக்கள் திரட்டித் தந்த பணத்தில்தான் அன்றீக்கு அடிகளார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். அதன் படி ஒன்று இருப்பது ஹார்வர்டில். அதன் நகல் ஒன்றாவது இந்த மண்ணில் மாணவர் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டாமா? கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம், சென்னை அரசின் மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றி எழுதிய நூல் ஆகிய இரண்டுக்கும் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. இணையத்தில் இருந்து இறக்கி அச்செடுத்து பைண்டு பண்ணலாம். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961இல் நின்றதும், 1973இல் அங்கேயே செயற்கை முறையில் முத்து வளர்த்ததும் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கின்றன. விலங்கியல் மாணவருக்கு வீட்டு வாசலிலேயே பாடம்.

கரிசல் பக்கம் திரும்பினால் இன்னும் வளம். கி. ராஜநாராயணன் 1982இல் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, இந்த மாணவர்களின் வீட்டுப் பேச்சை ஓர் அறிவுத்துறையாக்கிய நூல். பூமணியும் சோ. தர்மனும் கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தவர்கள், இருவரும் சாகித்திய அகாதமி விருது பெற்றவர்கள். விளாத்திகுளம் சுவாமிகளின் இசையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் பல இன்னும் வாய்மொழியாகவே நிற்கின்றன. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்துக்குப் பாடல் எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் நாகலாபுரத்தில் வாழ்ந்தவர். 1917 முதல் 1951 வரை அவர் எழுதிய நாட்குறிப்புகள் நூலாக வந்திருக்கின்றன. நாடகக் கொட்டகை, கிராமபோன், கடன், மழை, பயணம் என்று முப்பது நாற்பது ஆண்டு வாழ்க்கையைப் பிடித்துவைத்த ஆவணம் அது. நாகலாபுரத்துக் கல்லூரியில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி இதுதான் என்பேன். எட்டயபுரத்தில் தொ.மு.சி. ரகுநாதன் அளித்த சொந்த நூல் சேகரிப்பு ரகுநாதன் நூலகமாக இருக்கிறது. பக்கத்து ஊரில் அப்படியொரு புதையல் இருப்பதை அறிவிப்பதும் கல்லூரி நூலகச் சேவைதான். எல்லாவற்றையும் தானே வாங்கி அடுக்க வேண்டியதில்லை. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா வீதம் நாம் கட்டும் நூலக வரியில் நடக்கும் கிளை நூலகத்தின் உறுப்பினர் படிவத்தையும் அதே மேசையில் வைக்கலாம்.

நாளிதழ் நறுக்குச் சேவை பழசாகிப்போனது என்கிறார்கள். எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே! கிடைப்பது தலைநகரச் செய்தி. தூத்துக்குடிப் பதிப்பின் உள்பக்கத்தில் மூன்று விரல்கடை அளவில் வரும் விளாத்திகுளம் வத்தல் விலை, பயிர்க் காப்பீடு கேட்டு நடந்த மறியல், வைப்பாற்றில் வெள்ளம், மாட்டுவண்டிப் பந்தயம் இவற்றையெல்லாம் பத்தாண்டு கழித்துத் தேடினால் எங்கும் அகப்படாது. பழைய பேப்பர் கடைக்குப் போகும் முன் ஒரு கத்தரிக்கோலும் பசையும் தேதி எழுதும் பேனாவும் இருந்தால் அது ஆவணம். பொருளாதாரம் படிக்கும் மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் தலைப்பும் அதிலேயே கிடைக்கும். அவர்கள் எழுதும் ப்ராஜெக்ட்டுகளையும் மதிப்பெண் போட்டதும் மூட்டை கட்டிவிடாமல் பட்டியலில் சேர்க்கலாம். அதில் பாதி காப்பியடித்ததாக இருக்கும், தெரிந்ததுதான். மீதிப் பாதியில் எங்கோ ஒரு பாட்டியின் உப்பளக் கூலிக் கணக்கு இருக்கும்.

இத்தனைக்கும் ஓர் ஆள் வேண்டும். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் பலவற்றில் நூலகர் பணியிடம் நிரப்பப்படாமல் கிடக்கிறது. ஏதோ ஒரு துறை ஆசிரியரிடம் கூடுதல் பொறுப்பாகச் சாவி இருக்கும். அவர் வகுப்புக்குப் போனால் சாவியும் போகும். புதிய கல்லூரி அறிவிக்கும்போது பாடப்பிரிவுகளின் எண்ணிக்கையைச் சொல்கிறார்கள், கட்டடத்துக்கான தொகையைச் சொல்கிறார்கள். நூலகர் நியமனம் அந்த அறிவிப்பில் வருவது அரிது.

ஒரே நாடு ஒரே சந்தாவின் மூன்றாண்டு 2027இல் முடிகிறது. எந்தக் கல்லூரியில் எத்தனை கட்டுரைகள் இறக்கப்பட்டன என்று கணக்கெடுப்பது இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கம். அந்த அட்டவணையில் கிராமத்துக் கல்லூரிகளின் பெயருக்கு எதிரே சின்ன எண் இருந்தால், அங்கெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை என்றுதான் அதிகாரிகள் அதைப் படிப்பார்கள். சொல்ல ஆள் இல்லாமல் போனதைக் காட்டும் கட்டம் அந்த அட்டவணையில் இருக்காது.